தேசத்தின் கண்ணும் கட்டம் போட்ட சட்டைக்கையும்

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பர் வந்தார், பார்த்தார், "பழசு" என்றார், போய்விட்டார். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா?

அவர் போன கையோடு தபால்காரர் வந்தார். அட்டை மாதிரித் தடித்த உறை, தங்க முத்திரை. போர் முடிந்த பத்தாம் ஆண்டு விழாவில் எனக்கு 'தேசத்தின் கண்' என்று ஒரு விருது கொடுக்கப் போகிறார்களாம். ஜனாதிபதியே தன் கையால் அணிவிப்பாராம்.

கண்ணாம் கண்ணு. போர் நடந்தபோது இந்தக் கண்ணைத்தானே நோண்டப் பார்த்தீர்கள்? ஒரு சோதனைச் சாவடியில் என் கேமராவைப் பிடுங்கித் தார்ச்சாலையில் அடித்து உடைத்தவன் மட்டும் யார், தேசத்தின் கையா?

கடிதத்தில் ஒரு வரி: "போரின் கொடுமைகளுக்கு நடுவிலும் மனிதநேயத்தைக் கண்டெடுத்தவர்." எங்கே கண்டெடுத்தேன்? ரோட்டோரத்தில் கிடந்ததா? நான் எடுத்ததில் முக்கால்வாசி பிணம். மீதிக் கால்வாசி, பிணத்தைத் தேடிக்கொண்டு அலைகிறவர்கள்.

கூடவே அழைப்பிதழ். முகப்பில் என்னுடைய பேருந்துப் படம். உலகமெல்லாம் போன படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். சாவடியில் பேருந்தை நிறுத்தி, இளவயதுப் பையன்களை மட்டும் இறக்குகிறார்கள். இடது பக்கம் ஒரு தாய், மகனின் கட்டம் போட்ட சட்டைக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நடுவில் மகன். வலது பக்கம் அவனுடைய மறு கையைப் பிடித்து இழுக்கும் சிப்பாய். தோள்பட்டைத் தையல் விட்டுக்கொண்டு வருகிற நேரம் பார்த்து எடுத்தது.

அழைப்பிதழில் தாய் மட்டும் இருக்கிறாள். அவள் கையில் ஒரு துண்டுத் துணி. அவ்வளவுதான். சிப்பாயை வெட்டினார்கள், சரி, அது அவர்கள் புத்தி. பையனையும் சேர்த்து வெட்டியிருக்கிறார்கள். சாவடியில் காணாமல் போனவன் படத்திலும் காணாமல் போய்விட்டான்.

கீழ்வீட்டிலிருந்து தங்கச்சி படியேறி வந்தாள். "ஏன்க்கா கத்துற? குழாய் உடைஞ்சிருச்சா?"

"குழாய் இல்ல. அரசாங்கம்."

அவள் கடிதத்தைப் படித்தாள். கணக்கு டீச்சர், எதையும் இரண்டு தரம் படிப்பாள். "வாங்கப் போறியா?"

வாங்க மாட்டேன். செத்தாலும் வாங்க மாட்டேன்.

மார்ச் 5, வியாழன்

ஒட்டகம் போன் பண்ணினான். தண்ணீரில்லாமல் நாள் முழுக்க ஓடுவான் என்று களத்தில் நாங்கள் வைத்த பெயர். கண்ட இடத்தில் துப்புவான் என்பது இன்னொரு காரணம். ஒரே ஜீப்பில் போனோம், ஒரே பள்ளத்தில் படுத்தோம். மூன்று வருடத்துக்கு முன்னால் இதே விருதை வாங்கினான். அன்றிலிருந்து ஆள் நடக்கிற நடையே வேறு.

"வாழ்த்துகள்! நான்தான் கமிட்டில உன் பேரைச் சொன்னேன்."

"யாரு கேட்டா உன்னை?"

"கோச்சுக்காத. இதுல ஒரு தப்பும் இல்ல. ஏர்போர்ட்ல வரிசையில நிக்க வேண்டாம் தெரியுமா, தனி வழி."

தனி வழி! குண்டு விழுகிற ஊருக்குள் ஊர்ந்து போன மனுஷன். இப்போது வரிசையில் நிற்க வேண்டாம் என்பதற்காகக் கழுத்தைக் கொடுத்துவிட்டான். அவன் வீட்டு வரவேற்பறையில் அந்தப் பதக்கத்துக்கு மட்டும் தனி விளக்குப் போட்டிருக்கிறான். அவன் எடுத்த படம் ஒன்றுகூட அந்தச் சுவரில் கிடையாது. "பாக்கவே கஷ்டமா இருக்கு, விருந்தாளிங்க வர்ற இடம்" என்கிறான்.

ஆனால் ஒன்று. இன்றைக்கு நான் உயிரோடு இருப்பது இவன் தொண்டையால். "குனி!" என்று ஒரு கத்து கத்துவான். கத்தினால் குனிந்துவிட வேண்டும், ஏன் எதற்கு என்பதெல்லாம் பிறகு. களத்தில் அப்படிக் கத்தினால் எறிகணை வருகிறது என்று அர்த்தம். நகரத்தில், மந்திரிகள் வரும் இடத்தில் கத்தினால், முன்னால் நிற்கிறவள் பின்னால் இருப்பவன் படத்தை மறைக்கிறாள் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே வேகத்தில் குனிந்து பழகிவிட்டது உடம்பு. போன மாதம் காய்கறிக் கடையில் யாரோ தன் பிள்ளையிடம் "குனி" என்றதற்கு நான் குனிந்தேன். தங்கச்சி தக்காளிக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் 8, ஞாயிறு

மறுப்புக் கடிதம் எழுதினேன். அடித்தேன், திருத்தினேன், மறுபடி எழுதினேன். நன்றாக வந்திருக்கிறது. "உங்கள் பதக்கத்தின் எடையை அந்தத் தாயின் கையில் இருக்கும் துணி தாங்காது" என்று ஒரு வரி. வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். கண்ணாடி முன்னால் நின்று இன்னொரு தரம் படித்தேன்.

சீ. என்ன ஒரு பெருமை எனக்கு! பதக்கம் வாங்குகிறவன் கழுத்தை நீட்டி நிற்கிறான் என்றால், மறுக்கிறவள் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறாள். இரண்டு பேருக்கும் கேமரா எங்கே என்றுதான் கண்.

எங்கள் பழைய பத்திரிகை ஆசிரியர் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார். "மறுக்கிறதா இருந்தா எங்களுக்கு முதல்ல குடுங்க மேடம். முதல் பக்கம் ஒதுக்கிடுறேன்." அந்தப் பேருந்துப் படத்தை எடுத்து அனுப்பிய வாரம் இதே ஆள் ஏழாம் பக்கத்தில், ஒரு சோப்பு விளம்பரத்துக்குக் கீழே போட்டார். வெளிநாட்டுப் பத்திரிகைகள் போட்ட பிறகுதான் அவருக்குக் கண் திறந்தது.

மார்ச் 10, செவ்வாய்

தொலைக்காட்சியில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். "மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்" என்று வேறு. நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

அவர் வந்தார்.

கதவைத் திறந்தபோது அடையாளம் தெரியவில்லை என்று எழுதினால் பொய். உடனே தெரிந்தது. பேருந்துப் படத்துத் தாய். முடி முழுக்க வெளுத்திருக்கிறது, முகம் சுருங்கியிருக்கிறது, அந்தத் தாடை மட்டும் அப்படியே. இத்தனை வருடத்தில் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன், இரண்டும் நீதிமன்ற வாசலில். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைப் படக்காரம்மா என்பார்.

நாற்காலியை இழுத்து என்னைத் தன் வலது பக்கம் உட்காரச் சொன்னார். "இடது காது போச்சுல்ல, குண்டு விழுந்ததுல. இந்தப் பக்கமே பேசுங்க."

திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் மகன் போனதுக்கு உனக்கு மெடலா என்று கேட்பார், நான் மறுப்புக் கடிதத்தை எடுத்துக் காட்டுவேன், இரண்டு பேரும் அழுவோம். இப்படியெல்லாம் மனசுக்குள் நாடகம் ஓடியது. என் புத்தி அவ்வளவுதான்.

"மெடல் வாங்கப் போறீங்களாமே?"

"இல்லக்கா. வாங்க மாட்டேன். எழுதியே வெச்சிருக்கேன், பாருங்க."

படித்தார். மடித்து மேசையில் வைத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. இதனால எனக்கு என்ன?"

மேசையில் இருந்த கடிதத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இத்தனை வருஷமா போகாத ஆபீஸ் இல்ல. எங்க கேட்டாலும் ஒரே பேச்சு. அப்படி ஒரு பையனை நாங்க பிடிக்கவே இல்லங்கறாங்க. படம் இருக்கேன்னா, படத்துல இருக்கிறது யாரோ என்னவோங்கறாங்க. கோர்ட்டும் ஆதாரம் பத்தாதுன்னு தள்ளிருச்சு. அன்னைக்குப் பாதுகாப்பு மந்திரியா இருந்தவருதானே இப்ப ஜனாதிபதி? அவரை நேர்ல பாக்கணும்னு மனு போட்டேன், வரிசையில நின்னேன், கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. அவரு உங்க முன்னாடி வந்து நிக்கப்போறாரு, நீங்க வேணாம்ங்கறீங்க."

"அக்கா..."

"ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரலாம்னு டிவில சொன்னாங்க. என்னைக் கூட்டிட்டுப் போங்க. ஒரே ஒரு கேள்வி. இருக்கானா, இல்லையா. ரெண்டுல ஒண்ணு சொல்லட்டும். நான் திட்ட மாட்டேன், அழ மாட்டேன்."

கைப்பையிலிருந்து மடித்த துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நீலக் கட்டம். தோள்பட்டையில் பிய்ந்த நூல் அப்படியே நிற்கிறது. நான் கறுப்பு வெள்ளையில் எடுத்த படம், அந்தச் சட்டை நீலம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மார்ச் 13, வெள்ளி

கடிதத்தைக் கிழித்தேன். எவ்வளவு அழகான கடிதம்! கிழிக்க மனசே வரவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். ஆசிரியருக்குப் போன் பண்ணி, வாங்குகிறேன் என்றேன். "ஓ" என்றார். அந்த ஓ-வில் எனக்கு இருந்த மரியாதையெல்லாம் போயிற்று. நாளைக்கு எல்லாரும் என்னையும் ஒட்டகத்தையும் ஒரே கூட்டில் அடைப்பார்கள். அடைக்கட்டும்.

மார்ச் 19, வியாழன்

அமைச்சகத்திலிருந்து, விழா முறைகளைப் பார்க்கும் அதிகாரி ஒருவர் வீட்டுக்கே வந்தார். அந்த வெயிலில் ஒரு மடிப்புக் கலையவில்லை. தங்கச்சி அவருக்கு வைத்த பெயர் இஸ்திரி. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு விதிகளைச் சொன்னார். அடர் நிறத்தில் உடை. கேமரா கொண்டுவரக் கூடாது.

"கண்ணுக்கு விருது, கண்ணைக் கொண்டுவரக் கூடாதா?"

இஸ்திரி சிரிக்கவில்லை. "பேச்சு இல்லை மேடம். நன்றி மட்டும் சொல்லலாம்."

"நன்றியும் சொல்லாட்டி?"

"சொல்லாமலும் இருக்கலாம்."

கூட வருகிற இருவர் யார் என்று கேட்டார். ஒருத்தி தங்கச்சி. இன்னொருவர்? "தூரத்துச் சொந்தம். அக்கா முறை" என்றேன். ஊர் எது, அடையாள எண் என்ன என்று குறித்துக்கொண்டார். அழைப்பிதழ் அட்டையை விரலால் தடவிக்கொண்டே, "ரொம்ப உருக்கமான படம்" என்றார். அட்டையில் இருக்கும் முகத்துக்குத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறோம் என்று அந்த மகானுக்குக் கடைசிவரை உறைக்கவில்லை. படத்தைப் பார்ப்பார்கள், ஆளைப் பார்க்க மாட்டார்கள். எனக்கு இன்று அது வசதியாகப் போயிற்று.

மார்ச் 24, செவ்வாய்

ஒத்திகை. விருது வாங்கக்கூட ஒத்திகை பார்க்கிற நாடு.

மேடையில் வெள்ளை டேப்பால் ஒரு குறுக்குக்கோடு ஒட்டியிருக்கிறார்கள். அதன் மேல் நிற்க வேண்டும். பதக்கம், கைகுலுக்கல், கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு, இடது படியில் இறக்கம். ஒவ்வொரு ஆளுக்கும் நடுவில் பேண்டு கொஞ்சம் வாசிக்கும். பின்னால் பெரிய திரை. அதில் அவரவர் சாதனையைக் காட்டுவார்களாம். எனக்கு அந்த வெட்டிய படம்.

மேடைக்கு நேர் கீழே அரண்மனைக்கு மட்டும் இடம். அரசாங்கப் போட்டோக்காரரைத்தான் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கைகுலுக்கல் தவிர வேறு எதையும் எடுத்தறியாதவர். மற்ற பத்திரிகைக்காரர்கள் எல்லாரையும் கயிறு கட்டிப் பின்னால் ஒதுக்கியிருக்கிறார்கள். "மேடம், உங்களை நல்லா எடுத்துக் குடுக்கிறேன்" என்றார் அரண்மனை. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் எங்கள் ஒத்திகையைப் பார்த்தோம். தங்கச்சி ஜனாதிபதி. நான் அவள் கையைப் பிடித்தால் விடக் கூடாது. கை என் பிடியில் இருக்கும்வரை அவர் நகர முடியாது, நேரடி ஒளிபரப்பில் ஒரு பொம்பளையிடமிருந்து கையைப் பிடுங்கிக்கொண்டு போக முடியுமா? அதற்குள் அக்கா மூன்றாம் வரிசையிலிருந்து எழுந்து வலது படியில் ஏறிவிட வேண்டும்.

"இன்னும் இறுக்கிப் பிடி. இவ்வளவுதானா உன் பலம்?" என்றாள் ஜனாதிபதி.

அக்கா சோபாவிலிருந்து எழுந்து நடந்து வந்தார். கேள்வியைக் கேட்டுப் பார்த்தார். ஒத்திகைதான். ஆனாலும் தங்கச்சி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

மார்ச் 27, வெள்ளி

நேற்று நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். படக்குறிப்பு எழுதுகிற மாதிரி. யார், எங்கே, என்ன செய்தார். வேறு ஒன்றும் வேண்டாம்.

வாசலில் சோதனை. காவல்காரப் பெண் அக்காவின் பையைக் கிளறிவிட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தாள். "கைக்குட்டையாம்மா?" "ஆமா கண்ணு." விட்டுவிட்டாள்.

எனக்கு முன்னால் ஒரு பாலம் கட்டிய பொறியாளர், ஒரு ஓட்டக்காரி, இரண்டு தொழிலதிபர்கள். தொழிலதிபர்கள் எந்தத் துறைக்கு என்ன செய்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை, அவர்களுக்குப் பேண்டு மட்டும் நீளமாக வாசித்தது. பிறகு என் பெயர். ஏறினேன். டேப் மேல் நின்றேன். ஜனாதிபதி பதக்கத்தைக் குத்தினார். அருகில் பார்த்தால் சாதாரணக் கிழவர், காதில் மயிர். கையை நீட்டினார். பிடித்தேன்.

விடவில்லை.

அவர் புன்னகையோடு ஒரு தரம் இழுத்துப் பார்த்தார். நான் இறுக்கினேன். அக்கா அதற்குள் படியேறிவிட்டார். தங்கச்சி கீழே ஒரு காவலருக்குக் குறுக்கே போய்க் கைப்பையைத் தவறவிட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அதெல்லாம் அவளுடைய சொந்தச் சேர்க்கை. அக்கா எங்கள் பக்கத்தில் வந்து நின்று சட்டைக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னால் திரையில் அதே முகம், அதே கை, அதே துணி, ஒரு மாடி உயரத்துக்கு.

"ஐயா, இந்தச் சட்டை போட்டிருந்தவன் என் மகன். இருக்கானா, இல்லையா?"

அப்போது பின்னாலிருந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து, ஒரு தொண்டை.

"குனி!"

ஒட்டகம். அந்த நாய். பழைய விருதுக்காரன் என்று முன் வரிசையில் உட்கார வைத்தால், கைக்கேமராவோடு பின்னால் போய் நின்றிருக்கிறான்.

நான் குனிந்துவிட்டேன்.

அவர் கையை விட்டுவிட்டு, டேப் மேல், ஜனாதிபதியின் காலடியில், பதக்கத்தோடு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். யாருக்கு வழி விட்டேன்? எதற்கு? இரண்டு நாள் ஒத்திகை பார்த்தோம், கையை விடாதே, கையை விடாதேன்னு. ஒரு படம் நல்லா வரணும்னு விட்டுட்டேன். என்ன ஜென்மமோ இது!

எல்லாக் கேமராவும் அடித்தன. ஓட நினைத்திருந்தாலும் அந்த வெளிச்சத்தில் ஜனாதிபதி ஓட முடியாது. ஒரு எட்டு முன்னால் வைத்து, அக்காவின் தோளில் கையைப் போட்டார். இஸ்திரி ஓரத்திலிருந்து கையை வீச, பேண்டு பிளிறத் தொடங்கியது. ஜனாதிபதி குனிந்து அக்காவின் காதோடு பேசினார். இடது காது.

அந்தப் பேண்டுச் சத்தத்தில் மைக்குக்கு எட்டியிருக்காது, வரிசைகளுக்கு எட்டியிருக்காது. அக்காவுக்கே எட்டவில்லை. கீழே, முழங்கால் உயரத்தில், கிட்டத்தட்ட அவர் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

"தேடாதீங்கம்மா. அது அன்னைக்கே முடிஞ்சுபோச்சு."

சொல்லிவிட்டு நிமிர்ந்து, தோளைத் தட்டிக்கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. இஸ்திரி அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு போனார்.

வண்டியில் அக்கா கேட்டார், "என்ன சொன்னாரு படக்காரம்மா? அந்தப் பக்கமா சொல்லிட்டாரு."

"பேண்டு சத்தத்துல கேக்கலக்கா" என்றேன்.

அதே நாள், மதியம்

எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கம். அரண்மனை எடுத்த படம். தாய், சட்டைக்கை, பின்னால் பிரம்மாண்டமாக அதே தாய், நடுவில் குனிந்து காதோடு பேசும் ஜனாதிபதி. நான் கீழ் ஓரத்தில் ஒரு முதுகு.

நல்ல படம். வாயில் வேப்பெண்ணெய் ஊற்றின மாதிரி இருக்கிறது, ஆனாலும் நல்ல படம். நான் விலகாமல் நின்றிருந்தால் வந்திருக்காது. தலைப்பு: "தாயின் கண்ணீர் துடைத்த தலைவர்." கண்ணீரே இல்லை. அக்கா சொன்னபடி அழவே இல்லை. ஆசிரியர் போன் பண்ணி, "ஏற்பாடு பண்ணினது நீங்கதானாமே, அற்புதம்" என்கிறார். இத்தனை வருடம் அவர்கள் காசு கொடுத்தும் வாங்க முடியாத படத்தை நான் முழங்கால் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 30, திங்கள்

அக்கா போன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறார்களாம். "காதோட என்ன வாக்கு குடுத்தாருன்னு கேக்குறாங்க. விசாரிக்கிறேன்னுதான் சொல்லியிருப்பாரு, இல்ல?"

"இருக்கலாம்க்கா."

இருக்கலாமாம். ஒரு படத்துக்குத் தப்பான குறிப்புப் போட்டால் சக போட்டோக்காரனை ஏழு வருடம் பேசாமல் ஒதுக்கிவைத்தவள் நான்.

ஏப்ரல் 1, புதன்

தங்கச்சி: "உனக்கு சொல்லப் பயமா, இல்ல அவங்க தாங்க மாட்டாங்கன்னு நெனப்பா?"

"ரெண்டும்."

"அவங்க கேட்டது ரெண்டுல ஒண்ணு. அதை நீ கையில வெச்சிட்டு உக்காந்திருக்க. மூணாவது விடை கிடையாது அக்கா."

இவளிடம் கணக்குப் படிக்கும் பிள்ளைகள் பாவம்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை, ஜன்னலோரம் கட்டில், சுவரில் என் படம். முழுப் படம், பையனும் சிப்பாயும் சேர்ந்தது. பத்திரிகையை மடித்துக் கட்டிலில் வைத்திருந்தார். வலது பக்கம் உட்கார்ந்தேன். ஜனாதிபதி சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். வண்டியில் பொய் சொன்னேன் என்பதையும் சொன்னேன்.

தங்கச்சி அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்து மூடினார்கள்.

"அன்னைக்கேன்னா சொன்னாரு?"

"ஆமாக்கா. அன்னைக்கே முடிஞ்சுபோச்சுன்னு."

அக்கா சட்டைக்கையை எடுத்து முழங்கால் மேல் விரித்து நீவினார், மடிக்கவில்லை.

"பிடிக்கவே இல்லன்னாங்களே. அப்புறம் எந்த நாளுன்னு இவருக்கு எப்படித் தெரியும்?"

முதல் நாளிலிருந்து எனக்கு அது தோன்றவே இல்லை. மகன் செத்த செய்தியை எப்படிச் சொல்வது என்றே புழுங்கிக்கொண்டிருந்தேன்.

"எழுதிக் குடுங்க" என்றார். "நீங்க கேட்டதை உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வக்கீலம்மா கிட்ட போவோம்." பிறகுதான் கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்து அழுதார். தங்கச்சி போய்ப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். நான் தேநீர் போடுகிறேன் என்று எழுந்து, சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றேன்.

ஏப்ரல் 7, செவ்வாய்

வக்கீலம்மாவுக்கு அக்காவின் வழக்கு மனப்பாடம். தோற்ற வழக்கை விடாமல் வைத்திருக்கிறார். என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "பேருக்கு முன்னாடி பட்டத்தைக் காணோமே?" என்றார்.

"என்ன பட்டம்?"

"தேசத்தின் கண்."

"அதுக்குச் சாகலாம்."

"செத்தா யாரு சாட்சி சொல்றது? போட்டுக்கோங்கம்மா. ஏதோ ஒரு போட்டோக்காரி கனாக் கண்டாள்னு சொல்லித் தள்ளிடுவாங்க. அவங்களே, ஜனாதிபதி கையாலயே குத்திவிட்ட கண்ணு பொய் சொல்லுதுன்னு எப்படிச் சொல்லுவாங்க? அந்த இடத்துல நீங்க நின்னதுக்கு அவங்களே போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. முதுகுதான். ஆனா பெரிய முதுகு."

எழுதினேன். 'தேசத்தின் கண்' விருது பெற்ற இன்னார் ஆகிய நான். பேனா பிடித்த கை கூசியது.

ஏப்ரல் 20, திங்கள்

நீதிமன்றம் மனுவை எடுத்துக்கொண்டது.

ஒட்டகம் கதவைத் தட்டினான். உள்ளே விடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். அன்றைக்குத் தன் கைக்கேமராவில் எடுத்ததைக் கொண்டுவந்திருந்தான். கத்திய கையோடு பக்கவாட்டுக்கு ஓடி எடுத்த தொடர் படங்கள். ஜனாதிபதியின் உதடு தெரிகிறது, உதட்டுக்குக் கீழே அண்ணாந்து பார்க்கும் என் முகம் தெரிகிறது. எனக்குக் கேட்டது என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

"கமிட்டியிலிருந்து என்னை எடுத்துடுவாங்க" என்றான்.

"தனி வழியும் போயிடும்."

"போகட்டும்டி. ஏர்போர்ட்டுக்கு நான் எங்க போறேன், வருஷத்துக்கு ஒரு தரம்."

தேநீர் கொடுத்தேன். வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

மே 5, செவ்வாய்

இஸ்திரி போன் பண்ணினார். குரலில் ஒரு சுருக்கம், முதல் முறையாக.

"ஒரு சின்ன நிர்வாகச் சிக்கல் மேடம். விருதுப் பட்டியலை மறுபரிசீலனை பண்றாங்க. பதக்கத்தையும் சான்றிதழையும் தற்காலிகமா ஒப்படைச்சீங்கன்னா..."

"எப்போ?"

"வியாழக்கிழமைக்கு முன்னாடி."

"வியாழக்கிழமைதானே விசாரணை?"

பின்னால் யாரோ அவரிடம் ஏதோ சொல்லிக்கொடுப்பது கேட்டது.

"இதைத் திருப்பிக் குடுக்கிறதுல உங்களுக்கு ஆட்சேபம் இருக்காதுன்னு நினைக்கிறோம் மேடம். ஆரம்பத்துல உங்களுக்கே விருப்பம் இல்லன்னு கேள்விப்பட்டோம்."

"குடுக்க மாட்டேன்" என்றேன். "செத்தாலும் குடுக்க மாட்டேன்."

மே 7, வியாழன்

பிளம்பர் ஒருவழியாக வந்து குழாயை மாற்றினார். தங்கச்சி பள்ளிக்கு விடுப்புப் போட்டுவிட்டாள், என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். அக்கா கீழே வண்டியில் உட்கார்ந்திருக்கிறார், வலது பக்க இருக்கையை எனக்கு விட்டு வைத்திருக்கிறார். கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதக்கத்தின் ஊசி தடித்தது, குத்தத் தெரியாமல் விரலில் குத்திக்கொண்டேன். இரண்டாம் தடவை சரியாக நின்றது.